படிக்கின்ற தாயும் நம் கடமையும்

(வெள்ளி விழாவின் மகளிர் அமர்வில் ஆற்றிய உரை)

 

பெண் கல்வி என்னும் பொதுத் தலைப்பில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். பெண் கல்வியின் மேன்மையைக் குறித்து எனக்கு முன் பேசிய சான்றோர் நிறையவே கூறிவிட்டனர். ஆதலின் அப்பெரிய தலைப்பின் ஒரு மூலையை மட்டும் நான் எடுத்துக்கொள்கின்றேன். கணவனை இழந்தோ, கணவனால் கைவிடப்பட்டோ குழந்தைகளோடு தனித்து நிற்கின்ற நம் பெண், பகலெல்லாம் கூலிக்கோ கம்பெனிக்கோ போய்வந்து, இரவில் அஞ்சல் வழியில் ஒரு பட்டத்துக்குப் படிக்கின்றாளே, அவளைப் பற்றித்தான் பேச விழைகின்றேன். அத்தகையோர் நம் காலனிகளில் ஒருவர் இருவர் அல்லர். ஆயினும் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்க மேடையில் அவர்களைப் பற்றித் தனியே ஒரு சொல்லும் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நான் சொல்லவந்த கருத்து ஒன்றே. கல்வி உதவி என்றால் கட்டணமும் புத்தகமும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். படிக்கின்ற தாய்க்கு அவை மட்டும் போதா. அவள் வகுப்பிலும் தேர்வுக் கூடத்திலும் அமர்ந்திருக்கும் நேரத்தில் அவள் குழந்தையை ஏந்திக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கையும் கல்வி உதவியே. அதைத் தரவேண்டியவர்கள் நாம். இதை மூன்று பழைய சான்றுகளாலும், நம் ஊரின் நிலையாலும், என் சொந்த அனுபவத்தாலும் விளக்க முயல்கின்றேன்.

முதற்சான்று அண்ணல் அம்பேத்கரின் இல்லமே. அண்ணலின் தாயார் பீமாபாய் மறைந்தபோது அண்ணல் சிறு பாலகர். தந்தை ராம்ஜி சக்பால் தனித்து நின்றார். தாயில்லாப் பிள்ளைகளுக்குச் சோறிட்டு, நோய் பார்த்து, வீட்டைத் தாங்கியவர் அத்தை மீராபாய். பிற்காலத்தில் பம்பாயின் ஒற்றை அறைக் குடியிருப்பில், வீட்டு இரைச்சல் அடங்கிய பிறகே மகன் படிக்க முடியும் என்பதை அறிந்த ராம்ஜி, அவரை மாலையிலேயே உறங்கச் செய்து, நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கவைத்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிப் போயிருந்த பெண்மக்களிடம் சென்று நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்தார். எண்ணிப் பாருங்கள்! உலகம் வியக்கும் அந்தப் பேரறிவுக்குப் பின்னே ஓர் அத்தையின் கைகளும், தமக்கைமாரின் நகையும், தூக்கம் துறந்த ஒரு தந்தையும் இருந்தனர். குடும்பம் முழுவதும் கூடித்தான் ஒருவரைப் படிக்க வைத்தது.

அண்ணல் இதை மறக்கவில்லை. 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலம். ஆகவே அதன் சுமையை நாடும் ஏற்கவேண்டும் என்பது அவர் வாதம். 1945இல் மக்கள் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணவரும் படிக்கவேண்டும் என்பதற்காக அங்குக் காலை வேளையில் வகுப்புகள் நடத்தப்பட்டன. மாணவன் வாழ்க்கையைக் கல்லூரி நேரத்துக்கு வளைக்காமல், கல்லூரி நேரத்தை மாணவன் வாழ்க்கைக்கு வளைத்தார் அண்ணல். அவர் பெயரைச் சொல்லி நடக்கின்ற கல்விச் சங்கங்களுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டுதல் வேறு என்ன வேண்டும்?

இரண்டாம் சான்று புணேயில் வாழ்ந்த ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே இணையர். 1848இல் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். 1855இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளி திறந்தனர். இவை நம்மில் பலர் அறிந்தவை. 1863இல், ஆதரவற்ற விதவையர் குழந்தை பெற்று வளர்ப்பதற்கென்று ஓர் இல்லமும் திறந்தனர். அங்குப் பிறந்த ஒரு குழந்தையைத் தம் மகனாகவே வளர்த்தனர். இதை அவ்வளவாக நாம் பேசுவதில்லை. பள்ளியையும் தொட்டிலையும் ஒரே தொண்டாகக் கண்டவர்கள் அவர்கள்.

மூன்றாம் சான்று நம் சென்னையைச் சார்ந்தது. ஏ. லலிதா என்னும் அம்மையார் 1919இல் பிறந்தவர். பதினைந்து வயதில் மணம். பதினெட்டு வயதில், 1937இல், கணவர் மறைந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அக்காலத்துக் கைம்பெண்ணுக்குச் சமூகம் விதித்திருந்த இருட்டறைக்குள் அவர் போகவில்லை. இராணி மேரிக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு முடித்து, 1940இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் சேர்ந்தார். ஆடவர் மட்டுமே படித்த கல்லூரி அது. பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவின் முதற்பெண் மின்பொறியாளர் அவரே. பக்ரா நங்கல் அணையின் மின் ஆக்கப் பணியில் பங்குகொண்டார். 1964இல் நியூயார்க்கில் நடந்த முதலாவது உலகப் பெண் பொறியாளர், அறிவியலாளர் மாநாட்டுக்கும் சென்றுவந்தார்.

அவர் நம் சமுதாயத்தைச் சார்ந்தவர் அல்லர், வசதி படைத்தவர். அப்படியிருந்தும் அவரை ஏன் இங்கு நினைவூட்டுகின்றேன்? அவர் வெற்றிக்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டைக் காண்பதற்காகத்தான். தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர்; அவர் பரிந்து பேசி இடம் பெற்றுத் தந்தார். தங்குவதற்கு விடுதி இருந்தது. குழந்தையைச் சகோதரர் குடும்பம் பேணியது. பின்னர்க் கல்கத்தாவில் வேலை பார்த்த காலத்திலும் சகோதரர் இல்லத்தில்தான் மகள் வளர்ந்தாள். அம்மையாரின் அறிவையும் துணிவையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அறிவும் துணிவும் நம் காலனிப் பெண்ணுக்கும் உண்டு. வாதாட ஒரு தந்தை, தங்க ஓர் இடம், குழந்தையைப் பேண ஓர் இல்லம் ஆகிய மூன்றுமே அவளுக்கு இல்லாதவை. அந்த மூன்றுமாகச் சங்கம் அவளுக்கு ஆகவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

இனி நம் ஊரின் நிலைக்கு வருகின்றேன். நம் சங்கம் தோன்றிய நாளில் இது தருமபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. கேழ்வரகும் அவரையும் விளைந்த மானாவாரிக் காடு, சிப்காட் வந்த பிறகு லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்கின்ற ஊராயிற்று. நம் முன்னோர் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலின் சுரங்கத்துக்குப் போனார்கள். 2001 பிப்ரவரியில் அச்சுரங்கம் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் ஓசூருக்கும், அத்திப்பள்ளி தாண்டிப் பொம்மசந்திராவுக்கும் கம்பெனி பஸ் ஏறுகின்றார்கள். ஊத்தங்கரையிலிருந்தும், காவேரிப்பட்டணத்திலிருந்தும், தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் வாடகை லைன் வீடுகளில் வாழ்கின்றன. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம்.

இந்த வாழ்வில் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. சாதி கேட்டுக் கூலி அளந்த நிலக்காரரின் வாசலிலிருந்து நம் பெண் விடுபட்டாள். இது சிறிய பேறன்று. ஆனால் கிராமத்தில் இருந்தவரை குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி இருந்தாள், ஒரு சின்னம்மா இருந்தாள். லைன் வீட்டில் யார் இருக்கின்றார்கள்? தொழிற்பேட்டை கூலியைக் கொடுத்தது, பாட்டியை எடுத்துக்கொண்டது. கணவன் உள்ளவளுக்கே இது துன்பம். தனித்தவளுக்கு எப்படியிருக்கும்?

இரவு வேலையையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். தொழிற்சாலைச் சட்டம் பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்று முன்பு தடுத்திருந்தது. ஆணுக்குள்ள வேலை வாய்ப்பு பெண்ணுக்கும் வேண்டும் என்ற நியாயத்தில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தக்க பாதுகாப்புகளோடு அத்தடையை நீக்கியது. பெண்ணுக்கு இரவுக் கதவு திறந்தது. ஆனால் அவள் இரவு பத்து மணிக்கு உள்ளே போய்க் காலை ஆறு மணிக்கு வெளியே வரும்வரை அவள் குழந்தை எங்கே உறங்கும் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் கூறமாட்டேன். முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பின்வந்த திருத்தத்தோடு, விதித்தது. 2017இல் மகப்பேற்று நலச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் அமைக்கவேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்ற விதி வந்தது. 2020இல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வருகின்ற நம் பெண்ணுக்கு, யாரிடம் இவ்வுரிமையைக் கேட்பது என்பதே தெரிவதில்லை. அங்கன்வாடி நமக்கு வாய்த்த பெரும்பேறு. 1982இல் விரிந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவும் எத்தனையோ தாய்மார்களின் விடியற்காலைச் சுமையைக் குறைத்துள்ளன. எனினும் அங்கன்வாடி மாலையில் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. அஞ்சல் வழி மாணவிக்குத் தொடர்பு வகுப்பு வருவதோ பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்! நான் சொல்லும் இடைவெளி இங்கேதான் விழுகின்றது.

படிப்பின் கதவோ முன்னைவிட அகலத் திறந்திருக்கின்றது. 1962இல் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழகத்தில் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும், பின்னர் அண்ணாமலை, சென்னைப் பல்கலைக்கழகங்களும் அவ்வழியில் சென்றன. அதே 1971இல் இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி கேட்காமல், வேலை செய்வோரும் இல்லத்தரசியரும் வீட்டிலிருந்தே படிக்க வழி செய்த அதை உருவாக்குவதில் முன்னின்ற அமைச்சர் ஜென்னி லீ அம்மையார் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள். தங்கவயலின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதைக் கேட்டு மகிழலாம். 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. பாடம் வீட்டு வாசலுக்கே வருகின்றது. அதைப் படிக்கும் நேரம் மட்டும் தாயின் வாசலுக்கு வருவதில்லை.

பெரியோர்களே, இனி என்னைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகின்றேன். நெடுஞ்சாலை விபத்தில் என் கணவர் இறந்தபோது எனக்கு வயது இருபத்து நான்கு. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்று. மேல்நிலைத் தேர்வு தேறியிருந்தேன். ஒப்பந்தக்காரர் வழியாக ஒரு தொழிற்சாலையில் பொருள் கட்டும் வேலை கிடைத்தது. இரண்டாண்டு கழித்து அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் எடுத்துச் சேர்ந்தேன். மூன்றாண்டுப் பட்டம் முடிய எனக்கு ஐந்தாண்டு ஆயிற்று.

முதல் ஆண்டுத் தொடர்பு வகுப்புக்கு மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளை அழுதான். பிறருக்கு இடையூறாக இருப்பதால் குழந்தையோடு வெளியே இருக்குமாறு சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பணம் கட்டிப் படிக்க வந்தவர்கள் மற்றவர்களும்தாமே! அன்று மாலைவரை தாழ்வாரத்தில் நின்று, சன்னல் வழியாக வந்த பாடத்தைக் கேட்டேன். அடுத்த ஆண்டு ஒரு தேர்வு நாளில் மகளுக்குக் கடுங்காய்ச்சல். முதல் நாள் இரவு ஷிப்டு முடித்து வந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அந்தத் தாள் அரியராயிற்று. ஓராண்டு போயிற்று.

பிறகு எங்கள் லைனில் இருந்த ஒரு முதியவள், நாங்கள் அவ்வா என்றழைத்த தெலுங்கு பேசும் அம்மை, தானாகவே முன்வந்து, "நூ போ, நேனு சூஸ்குண்ட்டா" என்று சொல்லி என் பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள். நீ போ, நான் பார்த்துக்கொள்கின்றேன் என்பது அதன் பொருள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் என்ன படிக்கின்றேன் என்றும் அவள் கேட்டதில்லை. வகுப்பு நாட்களிலும் தேர்வு நாட்களிலும் என் பிள்ளைகளுக்குக் களி கிண்டி ஊட்டி உறங்கவைத்தாள். அவள் வந்த பிறகு நான் ஒரு தாளிலும் தவறவில்லை. என் அறிவு திடீரென வளர்ந்துவிடவில்லை. படிப்பும் பழையபடியே அதிகாலை மூன்று மணிப் படிப்புத்தான். என் குழந்தைகள் பத்திரமாக இருக்கின்றார்கள் என்ற நிம்மதியோடு தேர்வு எழுதினேன், வேறுபாடு அவ்வளவே. அப்பட்டத்தால் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராக இன்று பணியாற்றுகின்றேன். என் மகள் முதுகலை படிக்கின்றாள். எனக்கு ஓர் அவ்வா வாய்த்தாள். வாய்க்காத பெண்கள் எத்தனை பேர்? ஒரு பெண்ணின் எதிர்காலம், பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கின்றார்கள் என்ற தற்செயலைச் சார்ந்திருக்கலாமா?

இங்கே வந்திருக்கின்ற, படிக்க விரும்பும் சகோதரியர்க்குச் சில செய்திகள் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர்கள் நேராகப் பட்டப்படிப்புக்குத் தாவவேண்டாம். பள்ளியிறுதியும் மேல்நிலையும் தேறாமல் திறந்தநிலையில் நேரே பெற்ற பட்டம் பதவிக்குத் தகுதியாகாது என்ற நிலை 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதிப்பட்டது. தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முதலில் முடியுங்கள். இரண்டாண்டு தாமதமானாலும் அடித்தளம் உறுதியாகும். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், அந்தப் பாடத்துக்கு அந்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை மூன்றே ஆண்டில் முடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்திரா காந்தி பல்கலைக்கழகம் ஆறாண்டு வரை அவகாசம் தருகின்றது. குழந்தைக்கு நோய் வந்த ஆண்டில் இரண்டு தாள் மட்டும் எழுதுங்கள். அரியர் என்பது மானக்கேடன்று.

கணவனை இழந்தவர்கள், வருவாய்க் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ ஆதரவற்ற விதவைச் சான்று பெற்று வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பணி நேரடி நியமனத்தில் மகளிர்க்குரிய 30 விழுக்காட்டு இடங்களில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கப்படுகின்றது. கைவிடப்பட்ட பெண்கள், பள்ளி விண்ணப்பத்தில் தந்தை கையெழுத்து வேண்டுமென்று யாரேனும் மறுத்தால் தளரவேண்டாம். தந்தை கவனியாது விட்ட நிலையில் தாயே இயற்கைப் பாதுகாவலர் ஆவார் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. மனைவியை இழந்து குழந்தைகளோடு நிற்கின்ற ஆடவர்களுக்கும் நான் கூறிய துன்பங்கள் பல உண்டு. அவர்களும் கூச்சப்படாமல் சங்கத்தை நாடவேண்டும்.

இப்பொழுது சங்கப் பெருமக்களை நோக்கிப் பேசுகின்றேன். என் விண்ணப்பங்கள் நான்கு.

முதலாவது, தொடர்பு வகுப்பு நடக்கும் நாட்களிலும் தேர்வு நாட்களிலும் நம் சங்கக் கூடத்தைப் பிள்ளைகளுக்காகத் திறந்து வையுங்கள். வேலைக்குப் போக முடியாத மூத்த பெண்மணிகள் நம்மிடையே பலர் உள்ளனர். இருவரை அமர்த்தி, உரிய கூலி கொடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் செய்யுங்கள். கூலி கொடுத்தே செய்யவேண்டும். நம் பெண்களின் உழைப்பை அன்பு என்று சொல்லி இலவசமாக வாங்கிக்கொண்டது போதும். ஆண்டுக்கு முப்பது நாள் என்றே வைத்துக்கொள்வோம். இருவர் கூலியும், பாலும், பகலுணவும் சேர்ந்தாலும், நாம் ஆண்டு விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செய்கின்ற செலவுக்கு மேல் போகாது.

இரண்டாவது, கல்லூரியில் படிக்கின்ற நம் இளைஞர்கள் முறைவைத்து அக்கூடத்துக்கு வரட்டும். பெண்கள் மட்டும் வந்தால் போதாது. ஆண் பிள்ளைகளும் வரவேண்டும். குழந்தைக்குச் சோறூட்டத் தெரிந்த இளைஞன் நாளைக்கு மனைவியைக் கைவிடமாட்டான் என்பது என் நம்பிக்கை.

மூன்றாவது, விண்ணப்ப நாள், கட்டண நாள், தேர்வு நாள் ஆகியவற்றைச் சங்கப் பலகையில் எழுதிவையுங்கள். ஷிப்டு முடிந்து வருகின்ற பெண்ணுக்கு அலுவலகம் திறந்திருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. அவள் சார்பில் விசாரித்துவர, படிவம் கொண்டுவர ஒருவர் இருந்தால் அவளுக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சமாகும். காப்பகம் இல்லாத தொழிற்சாலைகளைப் பற்றித் தொழிலாளர் துறைக்கு விண்ணப்பம் எழுதும் பொறுப்பையும் சங்கமே ஏற்கவேண்டும். தனி ஒருத்தி எழுதினால் அவள் வேலை போகும். சங்கம் எழுதினால் யார் வேலை போகும்?

நான்காவது விண்ணப்பத்துக்குப் பணமே தேவையில்லை. வாழாவெட்டி, அறுத்தவள் என்னும் சொற்களை நம் தெருவிலிருந்து நீக்குங்கள். இரவு ஷிப்டு முடிந்து வருகின்றவளையும், புத்தகப் பையோடு பஸ் ஏறுகின்றவளையும் பார்த்து, இந்த வயதில் இவளுக்கு என்ன படிப்பு என்று பேசுகின்ற பேச்சை நிறுத்துங்கள். நம்மை இழிவாகப் பேசிய ஊராரின் சொல் எவ்வளவு சுட்டது என்பதை நாம் மறந்துவிடவில்லை. அதே நெருப்பை நம் வீட்டுப் பெண்மீது நாமே வீசலாமா?

சங்கப் பணம் மாணவர்க்கே உரியது, குழந்தைகளைப் பார்ப்பது நம் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். நான் திருப்பிக் கேட்கின்றேன்: அந்தத் தாய் மாணவி அல்லளா? பல்கலைக்கழகம் அவளுக்குப் பதிவெண் கொடுத்திருக்கின்றது. நாம் அவளுக்கு ஏன் மாணவி என்ற பெயரைக் கொடுக்கத் தயங்குகின்றோம்? இன்னும் சிலர், தாய் படித்து என்ன ஆகப்போகிறது, பிள்ளையைப் படிக்கவைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் படிக்கின்ற தாயைவிடப் பெரிய பள்ளிக்கூடம் பிள்ளைக்கு எது? நம் மாவட்டத்தில் இளவயதுத் திருமணம் இன்னும் ஒழியவில்லை. பதினாறில் மணமுடித்து, இருபதில் இரு குழந்தைகளோடு தனித்து நிற்கின்ற பெண்ணை, உன் காலம் முடிந்தது என்று சொல்லிவிட்டால், அவளுக்கு இன்னும் நாற்பதாண்டு உழைப்பு இருக்கின்றதே, அதைக் கூலியாகவே கழிக்கவேண்டுமா?

இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் செய்த தொண்டு அரியது. கட்டணம் கட்ட முடியாமல் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கைகொடுத்திருக்கின்றது. அப்படிக் கைகொடுத்த சங்கம் என்பதனாலேயே உரிமையோடு கேட்கின்றேன். வெள்ளி விழாவின் நினைவாகக் கல்வெட்டு ஒன்று நாட்டுவதாக அறிகின்றேன், மகிழ்ச்சி. அதனோடு கூடத்தின் மூலையில் நான்கு பாய்களும், ஒரு தொட்டிலும், சில விளையாட்டுப் பொருள்களும் வாங்கி வையுங்கள். அடுத்த தொடர்பு வகுப்பு வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் திறங்கள். முதல் நாள் இரண்டு குழந்தைகள்தாம் வரலாம். அதனால் மனம் தளரவேண்டா. அந்த இரண்டு குழந்தைகளின் தாய்மார் அன்று நிம்மதியாகப் பாடம் கேட்பார்கள். திறப்பு நாளன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையில் முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.

ஜெய் பீம்!